உன் பெயரில் என் ரத்தம்

பாபு,

இதை முருகன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கவரைக் கோந்து தடவி ஒட்டியிருக்கிறேன். உன் விஷயத்தை மறைப்பதற்காக இல்லை. உன்னைப் பற்றி அவனுக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது, போன வருஷம் அந்த நர்சிங் ஹோமிலிருந்து உன்னைத் தோளில் தாங்கி ஆட்டோவில் ஏற்றியவனே அவன்தான். ஒட்டியது வசந்திக்காக. நீ வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. நொச்சிக்குப்பத்தில் அவன் வீட்டில்தான் இருக்கிறாய் என்று மூன்றாம் நாளே தெரிந்துகொண்டேன். நேற்று அவன் என் லேப் வாசலில் வந்து நின்றான். "குட்தா துன்றான்மா. மத்த நேரமெல்லாம் கடலப் பாத்துகினு குந்திகினு கீறான். முந்தாநேத்து அலை அவ்ளோ ஒசரமா வர சொல்லோ உள்ள எறங்கிட்டான். நாலு பேரு போயி இஸ்துகினு வந்தோம்" என்றான். ஐப்பசிக் கடல் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் இறங்கினாய் என்பது எனக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வசந்தியிடம் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கல்யாணம் நின்றுவிட்டது. ஆனால் அதோடு முடியவில்லை. வருகிற திங்கட்கிழமை அவள் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறாள். ஏன் போகிறாள் என்பது உனக்குத் தெரியும். எனக்கு ஏழு நாளைக்கு முன்னால்தான் தெரிந்தது.

கோபப்படு, பரவாயில்லை. காகிதத்தைக் கிழிப்பதானால் படித்து முடித்துவிட்டுக் கிழி. இது முழுக்க உன் மேல் பழி போடுகிற கடிதம் இல்லை. முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். அது சின்னப் பங்கு இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் இடுப்பைச் சுற்றி அக்கி வந்தது. மந்தைவெளியில் அக்கி எழுதுகிறவரிடம் போய்ச் சிவப்புக் காவி பூசிக்கொண்டு வந்து, சட்டை போட முடியாமல் ஃபேனுக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தாய். இருபத்தாறு வயதுப் பிள்ளைக்கு இப்படி அக்கி வந்தால் என்ன சந்தேகப்பட வேண்டும் என்று லேப்பில் டாக்டர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மருந்துக் கம்பெனி வேலையாக நீ மாதத்தில் பதினைந்து நாள் ஊர் ஊராக லாட்ஜில் தங்குகிறவன். சர்க்கரை பார்க்கிறேன் என்று சொல்லி உன்னிடம் ரத்தம் எடுத்தேன். என் கை லேசு, வலியே தெரியாது என்று டி. நகரில் எனக்கு ஒரு பேர் உண்டு. உனக்கும் வலிக்கவில்லை. பெயர் எழுதாமல் வெறும் நம்பர் போட்டு, எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று இரண்டு நாள் இரண்டு தடவை பார்த்தேன். யாருக்குப் பரிசோதனை செய்கிறோமோ அவரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டம் பேசுகிறவள் நான். என் பிள்ளையிடம் கேட்கவில்லை. பெற்றவளுக்கு எதற்கு அனுமதி என்று நினைத்தேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சொன்ன விதம் அதைவிட மோசம். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். தயிர்சாதமும் மாவடுவும். நான் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பாஸிட்டிவ்டா" என்றேன். நீ புரியாமல் நிமிர்ந்து பார்த்தாய். அடுத்து என் வாயில் வந்த கேள்வி, "எவகிட்ட போன?" இதுதான் உன்னைப் பெற்றவள் உன்னிடம் கேட்ட முதல் கேள்வி. பயமாக இருக்கிறதா என்று கேட்கவில்லை, பக்கத்தில் உட்காரவில்லை. நீ தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாய். அன்றிலிருந்து உன் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து டெட்டால் ஊற்றிக் கழுவ ஆரம்பித்தேன். தட்டில், டம்ளரில், துண்டில் எல்லாம் அது பரவாது என்று லேப்புக்கு வருகிறவர்களுக்கு நாளைக்கு நாலு தடவை சொல்லிக்கொண்டிருந்தவள்தான். சொல்வது வாய், கழுவுவது கை, இரண்டும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளவே இல்லை. நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். ஒரு நாள்கூட ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு அந்த நர்சிங் ஹோம். இதைப் பற்றி நாம் இரண்டு பேரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நிமோனியா காய்ச்சலோடு உன்னை அடையாறில் சேர்த்தேன். மூன்றாம் நாள் அவர்களே ரத்தம் எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். நான் வீட்டுக்குப் போய்க் கஞ்சி எடுத்து வருவதற்குள் உன்னை அறையிலிருந்து இறக்கி, ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டிருந்தார்கள். கட்டில் காலில் சிவப்பு மையில் எழுதிய அட்டை தொங்கியது. ஆயா சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துக் காலால் தள்ளினாள். உனக்குப் பக்கத்துக் கட்டிலில் நாற்பது வயதிருக்கும் ஒரு மனிதர், கூட யாருமே இல்லாதவர். மறுநாள் காலையில் அவர் இறந்தார். மதியம் வரைக்கும் அப்படியே கிடந்தார். அப்புறம் இரண்டு பேர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வந்து, பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, பாலிதீன் ஷீட்டில் சுற்றிக் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். நீ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த நேரத்தில் எங்கள் லேப் கமலா சாம்பிள் வாங்க அங்கே வந்தாள். நர்ஸ் வராந்தாவில் நின்று சத்தமாகக் கேட்டாள்: "இந்தக் கேஸோட யாரு வந்திருக்கீங்க?" நான் நாலடி தூரத்தில் நின்றேன். சுவரில் குழந்தைகளுக்கு எந்த மாதம் எந்தத் தடுப்பூசி என்று ஒரு சார்ட் ஒட்டியிருந்தது. அதைப் படிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். நர்ஸ் இன்னொரு தடவை கேட்டாள். நீ போர்வைக்கு வெளியே கையைக் கொஞ்சம் தூக்கினாய். நான் உன் பக்கம் திரும்பவில்லை என்றதும் கையை உள்ளே இழுத்துக்கொண்டாய். கமலா போகிற வரைக்கும், பாபு, நான் உன் அம்மா இல்லாமல் நின்றேன். அவள் போன பிறகு ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். இந்த ஒன்றை எழுதத்தான் நாலு நாளாகக் காகிதத்தை எடுத்து எடுத்து வைத்தேன்.

அதற்கப்புறம் வீட்டுக்கு வந்தவன் வேறு ஆள். கரண்ட் போய் உஸ்மான் ரோட்டில் கடைக்காரர்கள் ஜெனரேட்டரைப் போட்டபோது, என் கையை நகம் பதியப் பிடித்தாய். வியர்வையில் சட்டையெல்லாம் நனைந்துபோய், வாங்கிய சாமானைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நீ பாட்டுக்கு நடந்து போய்விட்டாய். கார்ப்பரேஷன் ஆட்கள் தெருவோரக் கால்வாயில் பிளீச்சிங் பவுடர் தூவிய அன்றைக்கு வாசலிலேயே வாந்தி எடுத்தாய். காலிங் பெல் அடித்தால் தூக்கிவாரிப் போடும். தபாலைப் பிரிக்க மாட்டாய். மேஜை மேல் உன் பெயர் போட்ட கவர்கள் அப்படியே சேர்ந்தன. எனக்கு இதெல்லாம் கோழைத்தனமாகத் தெரிந்தது. "ஆம்பளையா லட்சணமா இருடா. செத்தது எவனோ ஒருத்தன், நீயா?" என்று கத்தினேன். மறுவாரம் பைக்கை எடுத்துக்கொண்டு அடையாறு பாலத்தில் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டினாய் என்று முருகன் வந்து சொன்னான். அதுவரை பீர் வாடை மட்டும் இருந்தது, பிறகு பகலிலேயே பிராந்தி வாடை வந்தது. நல்லபடியாகச் சாப்பிட்டு, காலாகாலத்தில் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டால் பல வருஷம் தள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீயோ அந்த வருஷங்களைக் கையில் அள்ளித் தெருவில் வீசிக்கொண்டிருந்தாய்.

அப்புறம் ஒரு நாள் உன் சட்டைப் பையில் லாட்ஜ் ரசீதைப் பார்த்தேன். ஊருக்கு வேலையாகப் போன நாள் இல்லை அது. இங்கேயே, நம் ஊரிலேயே. துவைக்கப் போட்ட சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உன் எதிரில் வந்து நின்றேன். "மறுபடியுமாடா? அந்தப் பொண்ணுகிட்டயாவது சொன்னியா? ஆணுறையாவது போட்டியா?" என்று கேட்டேன். ஒரு தாய் கேட்கக் கூசுகிற கேள்விதான், ஆனால் நான் லேப்பில் வேலை பார்க்கிறவள். நீ சொன்னாய்: "அந்தக் கொஞ்ச நேரம்தாம்மா அந்தப் படிக்கட்டு ஞாபகம் வராம இருக்கு. அப்ப எனக்கு எதுவுமே தோண மாட்டேங்குது. எனக்கு என்ன ஆனா என்ன, யாருக்கு என்ன ஆனா என்ன." நீ மனதைத் திறந்து என்னிடம் பேசியது அந்த ஒரே தடவைதான். அதைக் கேட்டு நான் உன்னைக் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் ஓடியிருக்க வேண்டும். நான் ஓடியது கல்யாணத் தரகரிடம்.

ஆமாம், கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வீட்டில் ஒருத்தி இருந்தால் லாட்ஜுக்குப் போக மாட்டான், குடிக்க மாட்டான், அவன் பயத்துக்கு ஒரு துணை கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். அந்தத் துணைக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் நினைக்கவே இல்லை என்றால் பொய். நினைத்தேன். நினைத்துவிட்டு, பார்த்துப் பக்குவமாக இருந்தால் ஒன்றும் ஆகாது, பிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று அதன் மேல் ஒரு பாயைப் போட்டு மூடினேன். தெரிந்து, யோசித்து, சம்மதித்து ஒரு பெண் வந்திருந்தால் அது வேறு. அப்படியும் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், கையெடுத்துக் கும்பிடலாம். நான் தேடியது தெரியாமல் வருகிற பெண்ணை. ஆனியில் வசந்தியின் ஜாதகம் வந்தது. பத்துக்கு எட்டுப் பொருத்தம். கோபாலபுரத்தில் சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், கோட்டூர்புரத்தில் சொந்த ஃபிளாட், அப்பா டெலிபோன்ஸில் ஓய்வு பெற்றவர். நீ வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னாய், அதை மறுக்க முடியாது. மூன்றாம் தடவை சொல்லவிடாமல் நான் மூன்று நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

நிச்சயத்துக்கு முன்னால் அவள் அப்பா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. காலம் கெட்டுக் கெடக்குது. ரெண்டு பேருக்கும் ஒரு ரத்த டெஸ்ட் பாத்துக்கலாமே. எங்க பொண்ணுக்கும் எடுத்துத் தர்றோம்." என் வாயிலிருந்து வந்தது, "அதுக்கென்ன சார், எங்க லேப்லயே பாத்துடலாம்." மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் டாக்டர் காலையில் வந்ததும் ஒரு கட்டு வெற்று ரிப்போர்ட் தாளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு வேறு இரண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். முடிவுகளை நாங்கள் நிரப்பிக் கொடுப்போம். அந்த வழக்கம் கூடாது என்று அவரிடம் சண்டை போட்டவளே நான்தான். அன்றைக்கு அது எனக்கு வசதியாகப் போயிற்று. எல்லாரும் டிபன் சாப்பிடப் போன சமயம் பின் அறையில் உட்கார்ந்து, ரப்பர் நாடாவைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டி, என் இடது கையில் நானே ரத்தம் எடுத்தேன். டியூபில் உன் பெயரை ஒட்டினேன்.

வெறுமனே நெகட்டிவ் என்று எழுதிக் கொடுத்திருக்கலாமே, எதற்கு ரத்தம் என்று நீ கேட்பாய். செய்யாத டெஸ்டுக்கு நான் இந்த இருபது வருஷத்தில் முடிவு எழுதியதில்லை. அந்தப் பெருமையை விட மனசில்லை. அதனால் முறைப்படி ரத்தம் எடுத்து, முறைப்படி டெஸ்ட் வைத்து, முறைப்படி வரிசை எண் போட்டு, வந்த முடிவை வந்தபடியே எழுதினேன். முடிவு உண்மை, பெயர் மட்டும்தான் பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார், திருடுவதிலும் ஒரு சுத்தம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். அன்று சாயங்காலம் யார் ரத்தம் என்று சொல்லித் தாளை உன்னிடம் காட்டினேன். நீ அதை வாங்கிப் படித்துவிட்டு, சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்தே நான் பயந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் வசந்தி லேப்புக்கு வந்தாள். கல்யாணப் பத்திரிகையில் அவள் அத்தை பெயர் விட்டுப்போயிருந்தது, அதைச் சொல்ல வந்தாள். போகிற போது தயங்கி நின்றாள். "ஆண்ட்டி, ஒண்ணு சொல்லணும். டெஸ்ட் கேட்டது அப்பா இல்ல, நான்தான். என்கூட படிச்சவ ஒருத்தி, கல்யாணமாகி ஒண்ணரை வருஷம். அவ வீட்டுக்காரர் போய்ச் சேந்துட்டாரு, இப்ப இவளும் படுத்திருக்கா. அதுலேருந்து எனக்குக் கல்யாணம்னாலே பயம். நீங்க கைப்பட எழுதின அந்த ரிப்போர்ட்டப் பாத்தப்புறம்தான் நிம்மதியாச்சு" என்றாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திய இடது கையைத்தான். அவள் படியிறங்கிப் போகிற வரைக்கும் நின்றேன், அப்புறம் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் உன்னிடம், இந்தக் கல்யாணம் வேண்டாம், நீயே போய் அவளிடம் சொல்லிவிடு என்றேன். உன் முகம் வெளுத்துப்போனது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. "இப்ப எதுக்குச் சொல்லணும்? நீதானே எழுதின. நீதானே ஒட்டின" என்றாய். பைக் சாவியைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனாய். நீ போய்ச் சொல்வாய் என்று நாலு நாள் காத்திருந்தேன். உன் ரகசியத்தை உன்னைக் கேட்காமல் ஒரு தடவை நான் எடுத்தது போதும், மறுபடி அதையே செய்யக்கூடாது என்றுதான் காத்திருந்தேன். ஐந்தாம் நாள் மண்டபத்துக்காரர் போன் செய்து எத்தனை இலை என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உன் ரகசியம் ஒரு பக்கம், அவள் உயிர் ஒரு பக்கம். பஸ் பிடித்துக் கோபாலபுரம் போனேன்.

சாப்பாட்டு மணி அடித்திருந்தது. ஆசிரியர் அறையில் அவள் தனியாக உட்கார்ந்து காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். உட்கார எனக்குத் தகுதி இல்லை என்று தோன்றியது. அவள் கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். "எவ்வளவு நாளாத் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு வருஷமாக என்றேன். "அவருக்கு?" அவனுக்கும்தான் என்றேன். "அப்ப அந்த ரிப்போர்ட்?" என் ரத்தம்மா அது என்றேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். திருத்திய தாள்களை வெகுநேரம் அடுக்கிக்கொண்டே இருந்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஆவணி கடைசி ஞாயித்துக்கெழமை மகாபலிபுரம் போனோம் ஆண்ட்டி. ரூம் எடுத்தோம். அவரு ஒரு நிமிஷம் தயங்கினாரு. ஜன்னல் பக்கம் போய் நின்னுட்டாரு. நான்தான் சிரிச்சேன். ரிப்போர்ட்டெல்லாம் நல்லாத்தானே வந்திருக்கு, அப்புறம் என்ன பயம்னு நான்தான் கேட்டேன்."

பாபு, ஏழு நாளாக எனக்கு அந்த ஜன்னல்தான். நீ சொல்லத்தான் போனாயா? ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்ததா? வந்திருந்தால் அதை அமுக்கியது அவள் சிரிப்பு இல்லை, என் தாள். உனக்கு நான் கொடுத்தது ஒரு புளுகு என்று நினைத்தேன், அது அவளுக்குத் தைரியமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதைச் செய்தவள் நான். ஆனால் அந்த அறையில் நான் இல்லை, நீ இருந்தாய். இரண்டையும் ஒன்றாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் அதுவும் பொய் ரிப்போர்ட்தான்.

இந்தப் பரிசோதனையை ஒழுங்காக, கேட்டுவிட்டு, பேசிவிட்டுச் செய்கிற இடம் எது என்று விசாரித்துக்கொண்டு போனேன். அங்கே ஆலோசனை சொல்வதற்கென்று ஒரு பெண்மணி இருக்கிறார். பெயர் சொல்லாமல் உன்னைப் பற்றிச் சொன்னேன்: ஜெனரேட்டர், பவுடர் வாடை, பாலம், லாட்ஜ், கடல். அவர் ஆச்சரியமே படவில்லை. "அது திமிர் இல்லம்மா. அடிபட்ட மனசு. அந்த ஞாபகத்துலேருந்து தப்பிக்க எங்கயாவது போய் மோதும். தன் உயிர் மேல ஆசை விட்டுப்போச்சுன்னா அடுத்தவங்க உயிரும் கண்ணுல படாது. வியாதிய விட இதுதான் ரொம்பப் பேரைச் சீக்கிரம் கொண்டுபோவுது. அழைச்சிட்டு வாங்க. ஒரு நாள்ல ஆவாது, பேசிப் பேசித்தான் கொறையும்" என்றார். கோழைத்தனம் என்று நான் திட்டியதற்கு ஒரு வைத்தியம் இருந்திருக்கிறது, பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில். வெளிநாட்டில் புது மருந்துகள் வந்திருக்கின்றனவாம், இங்கே நம்மால் எட்டிப் பிடிக்கிற விலை இல்லை என்றும் சொன்னார். ஒரு நாள் எட்டலாம். அந்த நாள் வரைக்கும் நீ கடலில் இறங்காமல் இருக்க வேண்டும். அடிபட்டவன் என்பதற்காக உன்னை மடியில் போட்டுக்கொள்ள நான் இருக்கிறேன். அடிபட்டவன் என்பதற்காக நீ செய்தது இல்லையென்று ஆகாது. இது எனக்கும் சேர்த்துத்தான். டாக்டரிடம் போய் என் ரிப்போர்ட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமையோடு எனக்கு அங்கே வேலை இல்லை.

வசந்தி இன்னும் வீட்டில் முழுதும் சொல்லவில்லை. கல்யாணம் வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அவள் அப்பா என்னைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார், நான் எங்கள் பக்கத் தப்பு என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்வது அவள் இஷ்டம். இப்போது எடுக்கிற டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் அதை நம்பி இருந்துவிட முடியாது, மூன்று மாதம் முடிந்து மார்கழியில் மறுபடி பார்க்க வேண்டும். அதை அவளே தெரிந்துவைத்திருக்கிறாள். இன்று காலை லேப்புக்குப் போன் செய்தாள். குரல் வகுப்பெடுக்கிற மாதிரி நிதானமாக இருந்தது. "திங்கக்கெழமை காலைல ஒம்பது மணிக்குப் போறேன். ஏன் சந்தேகம் வந்துச்சுன்னு முதல்ல கேப்பாங்களாம். அந்தக் கேள்விக்கு நான் தனியா உக்காந்து பதில் சொல்ல மாட்டேன் ஆண்ட்டி. அவரு வந்து என் பக்கத்துல உக்காந்து, அவரு வாயால சொல்லட்டும்" என்றாள். நானும் வருகிறேனே அம்மா என்றேன். "நீங்க வேணாம்" என்றாள்.

இன்றைக்கு வியாழக்கிழமை. விலாசம் தனிச் சீட்டில் எழுதி இதோடு மடித்து வைத்திருக்கிறேன். போனால், காலில் விழுந்து கதறாதே. உன் அழுகையையும் சுமக்கிற நிலைமையில் அவள் இல்லை. கேட்டதற்கு உண்மையைச் சொல், அவள் இருக்கச் சொல்கிற வரைக்கும் இரு. முடிவு என்ன வந்தாலும் அது அவளுடையது, என்னிடம் சொல்லாதே. நீ வருவாய் என்று அவள் நம்புகிறாளா என்று கேட்டேன். "தெரியல ஆண்ட்டி. ஒம்பதரை வரைக்கும் பாப்பேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அம்மா